சிக்னலே இல்லாத இடத்தில் மெசேஜ்: ‘மெஷ்டாஸ்டிக்’ வாங்கும் முன் இதைப் பாருங்க!

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே ஆனைமலைக் காட்டுக்குள் போனால் பல இடங்களில் போன் சிக்னல் கிடைக்காது. டவர், சிம், இன்டர்நெட் எதுவும் இல்லாமல் குறுஞ்செய்தி அனுப்ப 2020-ல் உருவான இலவச மென்பொருள்தான் மெஷ்டாஸ்டிக்.

உள்ளங்கை அளவு ‘லோரா’ ரேடியோ போர்டில் இது இயங்கும். போனை புளூடூத்தில் இணைத்தால் போதும். ஒரு போர்டு அனுப்பும் செய்தியை நடுவில் இருக்கும் போர்டுகள் வாங்கி அடுத்ததற்குக் கடத்தும். வழக்கமாக 3 தாவல், அதிகபட்சம் 7. தென்னந்தோப்புக்குள் தரையில் கிடக்கும் போர்டு திணறும். அதையே மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்தால் கதையே வேற.

பலர் கோட்டை விடுவது அலைவரிசையில்தான். 433, 868, 915 என மூன்று ரகத்திலும் போர்டு விற்கிறது. இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த 2005-ல் அனுமதிக்கப்பட்டது 865-867 மெகாஹெர்ட்ஸ். எனவே 868 ரகத்தை வாங்கி, ஆப்பில் ரீஜன் ‘இந்தியா’ என்று வையுங்கள். அதைத் தேர்வு செய்யாதவரை போர்டு எதையும் அனுப்பாது. விலை குறைவு என்று 915 வாங்கி அமெரிக்க செட்டிங் போட்டால், அதன் 902-928 எல்லை இங்குள்ள மொபைல் நிறுவனங்களின் 900 பேண்டில் போய் மோதும். அது சட்டப்படி தப்பு.

ஆன்டெனா மாட்டாமல் பவர் கொடுக்காதீங்க, ரேடியோ பழுதாகலாம். டீஃபால்ட் சேனலின் சாவி ஊருக்கே தெரியும். சொந்த சேனல் உருவாக்கி, க்யூஆர் கோடை நேரில் காட்டிப் பகிருங்கள்.

போட்டோ, வாய்ஸ் கால் கிடையாது. ஒரு மெசேஜுக்கு சுமார் 200 பைட்தான். தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும் என்பதால், பலர் தங்கிலீஷுக்கே போய்விடுவார்கள்!