அறிவில்லாத எண் உண்டா?

ஊரப்பாக்கத்தில் வீடு கட்டுகிறீர்களா? பத்தடிக்குப் பத்தடி சதுர அறையின் மூலைவிட்டத்தை அளந்து பாருங்கள். 14 அடியும் ஏறக்குறைய ஒன்றே முக்கால் அங்குலமும் இருக்கும். கணக்குப் போட்டாலோ 14.142... என்று முடிவில்லாமல் நீளும். எந்தப் பின்னத்திலும் அது அடங்காது.

இத்தகைய எண்ணை ஆங்கிலத்தில் 'இர்ரேஷனல்' என்பார்கள். அறிவுக்கு ஒவ்வாததற்கும் அதே சொல்தான்! எண்ணுக்கு ஏது அறிவு? லத்தீன் மொழியில் 'ரேஷியோ' என்றால் அறிவு. கணக்கு, விகிதம் என்றும் பொருளுண்டு. விகிதமாக எழுத முடியாத எண் என்பதே இங்கே கருத்து. நம் பாடநூல்கள் 'விகிதமுறா எண்' என்று குழப்பமின்றிச் சொல்கின்றன. வட்டக் கணக்கின் 'பை'யும் இவ்வினமே என்று 1761-ல் லாம்பர்ட் நிரூபித்தார். அதன் மதிப்பை வெகு விரைவில் நெருங்கும் வழிகளை 1914-ல் வெளியிட்டவர் நம் ராமானுஜன்.

எண்ணைச் சொன்னால் அதற்குக் கோபம் வராது. மனிதரைச் சொல்லும்போதுதான் கவனம் வேண்டும். பூனை குறுக்கே போனதென்று பயணத்தை நிறுத்துவது 'இர்ரேஷனல்'. ரயிலடியில் ஆட்டோக்காரர் இரட்டிப்பு வாடகை கேட்பது 'அன்ரீசனபிள்', அதாவது நியாயமற்றது. வாடகையைக் குறை கூறுங்கள். அவர் புத்தியைக் குறை கூறலாமா?