கைமாறாமல் போன வீடு



பால் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் சேர்த்த பணத்தில் டவுனில் ஒரு வீடு வாங்கிவிட வேண்டும் என்பது நம் குடும்பங்கள் பலவற்றின் ஆசை. லயத்து வீடு வேலை உள்ளவரைதானே நமக்கு! சில காலத்திற்கு முன் நம் பள்ளிப் பிள்ளை ஒருவரின் தகப்பனார், ஒரு கட்டுத் தாளோடு நம்மைத் தேடி வந்தார். "சார், சைன் வச்சாச்சு. பேங்குல லோன் இல்லேன்னுட்டாங்க. கட்டின காசு திரும்ப வருமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறோம்.

வீடு வாங்கும்போது இரண்டு தாள்களில் கையெழுத்து வைக்கிறோம். முதலாவது முன்பதிவுத் தாள். அதற்குப் பொதுவாக விலையில் நூற்றுக்கு 2 அல்லது 3 வெள்ளி கட்டுவது வழக்கம். இரண்டாவது, வழக்கறிஞர் எழுதித் தரும் விற்பனை ஒப்பந்தம். அதில் கையெழுத்திடும்போது, முன்பு கட்டியதையும் சேர்த்து நூற்றுக்கு 10 ஆகும்படி செலுத்துகிறோம். 150,000 வெள்ளி வீட்டுக்கு அது 15,000 வெள்ளி. மீதத்திற்குப் பெரும்பாலும் 3 மாதத் தவணை உண்டு. அதற்குமேல் ஒரு மாதம் வட்டியோடு கிடைக்கும்.

இந்த இரண்டாவது கையெழுத்துக்குப் பிறகு வாங்குபவரால் பணம் கட்ட முடியாமற் போனால், அந்த 10 விழுக்காடு விற்பவருக்குப் போய்விடும். அதற்கு மேல் கட்டியது திரும்பி வரும் என்று ஒப்பந்தங்களில் வழக்கமாக எழுதியிருப்பார்கள்.

"வீடுதான் அவரிடமே இருக்கிறதே, பணமும் அவருக்கா?" என்று கேட்கத் தோன்றும். முன்பணம் விலையின் ஒரு பகுதி மட்டுமன்று. கொடுத்த வாக்குக்கு வைத்த ஈடும் ஆகும். நம் மாநிலத்தார் நன்கறிந்த லிங்கியின் பெயரைக் கொண்ட தோட்டக் கம்பெனியின் வழக்கிலேயே இந்தக் கேள்வி எழுந்தது. நிலம் வாங்க ஒப்புக்கொண்டவர் வாங்கி முடிக்கவில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தானே அனுமதிக்கிறது என்ற வாதம் வந்தது. நியாயமான முன்பணத்திற்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்தது. 1972-ஆம் ஆண்டுச் சட்ட ஏட்டில் அது வெளிவந்தது. 2018-இல் நமது கூட்டரசு நீதிமன்றம், அப்பிரிவு முன்பணத்திற்கும் பொருந்தும் என்று சொன்னது. ஆனால் தொகை நியாயமற்றது என்பதை ஒப்பந்தத்தை முறித்தவரே மெய்ப்பிக்க வேண்டும். பெரிய கம்பெனிகளுக்கே கடினமான காரியம் அது.

வங்கிக் கடன் கிடைக்கவில்லை என்பது தப்பிக்கும் வழி ஆகாதா? வீடமைப்பு நிறுவனத்திடம் புது வீடு வாங்கினால் சட்டம் வகுத்த ஒப்பந்தப் படிவம் உண்டு. வருமானம் போதாமையால் கடன் மறுக்கப்பட்டது என்பதற்குச் சான்று காட்டினால், நூற்றுக்கு 1 மட்டும் பிடித்துக்கொண்டு மீதத்தைத் திருப்பித் தரவேண்டும். தனியாரிடம் பழைய வீடு வாங்குவோருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 'கடன் கிடைக்காவிட்டால் பணம் திரும்பும்' என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால்தான் உண்டு. நாம் சொன்ன தகப்பனார் வாங்கப் போனது பழைய வீடு. தாள்களை இரண்டு முறை புரட்டிப் பார்த்தோம். அந்த வரி இல்லை. மகளின் மேற்படிப்புக்கு ஒதுக்கியிருந்ததும் அதில் சேர்ந்து போயிற்று.

விற்பவரே பின்வாங்கினால்? வாங்குபவர் நீதிமன்றம் சென்று, விற்றே ஆகவேண்டும் என்று உத்தரவு கேட்கலாம். அது வேண்டாமென்றால், கட்டிய முன்பணத்தோடு அதே அளவு தொகையை இழப்பீடாகப் பெறலாம் என்று பெரும்பாலான ஒப்பந்தங்கள் சொல்லும். இதற்கிடையில் வீடு வேறொருவர் பெயருக்கு மாறாமலிருக்க, நம் வழக்கறிஞர் நில அலுவலகத்தில் 'கேவியட்' என்னும் தடை போடுவார். கையெழுத்தான உடனே போட்டாயிற்றா என்று கேட்டு வையுங்கள்.

நெகிரி செம்பிலானில் இன்னொன்றும் உண்டு. ரெம்பாவ், கோலப்பிலா போன்ற பகுதிகளில் மலாய் ஒதுக்கு நிலமும் அடாட் நிலமும் இருக்கின்றன. அவற்றை நாம் நம் பெயருக்கு வாங்க முடியாது. ஆகவே முன்பதிவுப் பணம் கொடுக்குமுன் நிலப்பட்டாவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

விற்பனை முறிந்துவிட்டால் ஒப்பந்தம் ரத்தானதற்கு எழுத்து வாங்க வேண்டும். வாங்குபவர் தம் கையிலுள்ள பத்திரங்களைத் திருப்பித் தந்து, கேவியட்டை மீட்டுக்கொள்ள வேண்டும். அது நீங்கும்வரை விற்பவரும் வேறொருவருக்கு வீட்டை மாற்றிக் கொடுக்க முடியாது.