மீன் சுமக்கும் கடிதம்

கடலில் திரியும் சுறாவின் முதுகிலே ஒரு கடிதம் இருந்தால், அதனைப் படிப்பவர் யார்? வினா விந்தையாகத் தோன்றலாம். ஆயினும், அத்தகைய கடிதங்களைச் சுமந்தவண்ணம் அத்திலாந்திக் சமுத்திரத்திலே சுறாக்கள் உலவுகின்றன.

ஐக்கிய அமெரிக்காவில் 1962ஆம் ஆண்டு ஜோன் கேசி என்னும் மீனின ஆராய்ச்சியாளர் இம்முயற்சியைத் தொடக்கிவைத்தார். சுறாக்கள் எங்கே செல்கின்றன, எவ்வளவு காலம் வாழ்கின்றன என்பவற்றை அறிதலே நோக்கம். ஆராய்ச்சிக் கப்பல்கள் சிலவற்றைக் கொண்டு பெருங்கடலைத் துருவுதல் இயலுமா? எனவே, பொழுதுபோக்காகத் தூண்டிலிடுவோரின் துணை நாடப்பட்டது. முதலில் முன்வந்தோர் நூற்றுவரிலும் குறைவு. பின்னர் அத்தொகை ஆயிரக்கணக்காகப் பெருகிற்று.

தூண்டிலில் அகப்பட்ட சுறாவின் முதுகிலே சிறு உருக்கு முனையொன்றைப் பதித்து, மீண்டும் கடலில் விடுவர். அம்முனையுடன் இணைந்த சிறு குப்பியினுள் ஓர் இலக்கமும், கண்டெடுத்தவர் செய்யவேண்டியது யாதென்னும் குறிப்பும் இருக்கும். அக்குறிப்பு ஆங்கிலம், ஸ்பானியம், பிரெஞ்சு, யப்பானியம், நோர்வீஜியம் ஆகிய ஐந்து மொழிகளில் எழுதப்பட்டது. மீன் எந்நாட்டார் கையில் அகப்படும் என்பதை யார் அறிவார்!

இத்துடன் பாதிப் பணியே முடிகின்றது. மறுபாதி, அதனை மீண்டும் பிடிப்பவரைப் பொறுத்தது. இலக்கம், பிடித்த நாள், இடம், மீனின் நீளம் ஆகியவற்றை அவர் அறிவித்தாலன்றி, மீன் சென்ற தூரத்தையும் வளர்ந்த அளவையும் கணிக்க இயலாது.

1962 முதல் 2013 வரை 229,810 சுறாக்கள் அடையாளமிடப்பட்டன. மீண்டும் அகப்பட்டதாக அறியவந்தவை 13,419. அச்சிலவற்றால் விளைந்த அறிவோ பெரிது. நீலச் சுறாவொன்று 3,997 கடல்மைல் தொலைவிலே பிடிபட்டது. வேறோரினச் சுறா 27 ஆண்டுகளுக்கு மேலாக அடையாளத்துடன் வாழ்ந்திருந்தது. எல்லை கடந்து செல்லும் மீனை ஒரு நாட்டின் சட்டம் மட்டும் காக்கமாட்டாது. மெதுவாகப் பெருகும் இனத்தைக் கணக்கின்றிப் பிடித்தால் அதன் குலமே அருகிவிடும். எவ்வளவு பிடிக்கலாம் என வரையறுப்போர்க்கு இத்தகைய செய்திகள் இன்றியமையாதன.

வகுப்பிலே யாம் இக்கணக்கை எடுத்துரைத்தபோது, "நூற்றுக்கு ஆறுகூட இல்லையே, மற்றவை எங்கே போயின, ஐயா?" என்று வினவினான் ஒரு மாணவன்.

இறந்தவை சில, என்றுமே அகப்படாதவை பல, அடையாளத்தை இழந்தவையும் உண்டு. அகப்பட்டும், கண்டவர் அக்குப்பியை வேடிக்கைப் பொருளென அலுமாரியில் வைத்துவிட்டமையால் மறைந்தவையும் இருத்தல் கூடும். முன்னவற்றுக்கு நாம் செய்யக்கூடியது எதுவுமில்லை. இறுதிக் குறையைத் தீர்க்கவோ, ஒரு கடிதமே போதும்.