தேக்குப் பெட்டியும் ஒரு கூரையும்

பாரிஸை அடுத்த சேன் தெனியில் 1914-இல் கட்டப்பட்ட ரயில் உணவுப் பெட்டி அது. எண் 2419டி. தேக்குப் பலகை உடம்பு, அதன் மேல் பளபளக்கும் வார்னிஷ். போரின் கடைசி மாதங்களில் அதை பிரெஞ்சு மார்ஷல் ஃபோஷின் அலுவலகமாக மாற்றினார்கள். 1918 நவம்பர் 11 அதிகாலை, கொம்பியேன் காட்டில் நின்றிருந்த இந்தப் பெட்டிக்குள்தான் முதல் உலகப் போரின் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது.

இத்தனை பெருமைக்குரிய பெட்டியை 1921-இல் பாரிஸின் ராணுவ அருங்காட்சியக முற்றத்தில் திறந்தவெளியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சில ஆண்டுகளிலேயே சீரழியத் தொடங்கியது. மழையிலும் புகையிலும் ஓடுவதற்கென்றே செய்த பெட்டி, சும்மா நின்றதும் ஏன் பாழாக வேண்டும்?

வெட்டி அறுத்த பிறகும் மரம் காற்றின் ஈரத்தை வாங்குவதையும் விடுவதையும் நிறுத்துவதில்லை. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமானால் சாதாரணப் பலகையில் அதன் உலர் எடையில் சுமார் 9 சதவீதம் நீர் இருக்கும். 80 சதவீதமானால் சுமார் 16. நீர் ஏறினால் பலகை அகலவாக்கில் உப்பும், நீளவாக்கில் அநேகமாக அசையாது. அரை மீட்டர் அகலப் பலகை பருவத்துக்குப் பருவம் சில மில்லிமீட்டர் விரிந்து சுருங்கும். இதை அறிந்த தச்சர், கதவுப் பலகையைச் சட்டத்தின் காடிக்குள் பசை போடாமல் செருகி, அது அசைய இடம் விடுவார். இறுக்கி அறைந்த பலகையோ வெடிக்கும்.

வெயில் செய்வது வேறு வேலை. மர இழைகளைப் பிணைத்திருக்கும் லிக்னினைப் புற ஊதாக் கதிர்கள் சிதைக்கின்றன. பிடிமானம் போன வார்னிஷ் பொருக்காக உரியும். அந்த விரிசலில் இறங்கும் மழைநீர் எளிதில் வெளியேறாது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்கு வழி பிறக்கும். வைரம் பாய்ந்த தேக்கு பூஞ்சையையும் கரையானையும் நன்றாகவே எதிர்க்கும். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் இரும்புத் திருகுக்கும் துணிக்கும் அந்தக் காப்பு இல்லை. ஓடுகிற பெட்டி அவ்வப்போது பணிமனைக்குப் போய்ப் புது வார்னிஷ் பூசிக்கொண்டு வரும். முற்றத்தில் நின்ற பெட்டிக்கு அந்தக் கவனிப்பு ஏது?

ஆர்தர் ஹென்றி ஃபிளெமிங் என்ற அமெரிக்கர் பணம் கொடுத்தார். பெட்டி பழுதுபார்க்கப்பட்டு, 1927-இல் கொம்பியேனில் அதற்கென்றே கட்டிய கட்டடத்துக்குள் வந்தது. மரப் பெட்டியைக் காப்பதில் கூரைக்கு இணையான மருந்து இல்லை. எந்த விலை உயர்ந்த வார்னிஷும் அதற்குப் பிறகுதான்.

ஆனால் கூரையால் தடுக்க முடியாததும் உண்டு. 1940 ஜூனில் ஹிட்லரின் படை அந்தக் கட்டடச் சுவரை இடித்துப் பெட்டியை வெளியே இழுத்தது. தோற்ற பிரான்ஸ் ஜெர்மனியுடன் செய்த போர்நிறுத்த ஒப்பந்தம் அதற்குள்ளேயே கையெழுத்தானது. பிறகு பெர்லினுக்குக் கொண்டுபோனார்கள். 1945-இல் ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் பெட்டி எரிந்துபோனது. கொம்பியேன் செல்பவர்கள் இன்று பார்ப்பது அதே வரிசையில் கட்டிய 2439டி. 1950-இல் 2419டி என எண் மாற்றி அங்கே நிறுத்தப்பட்டது.