தண்ணீர் பீய்ச்சவில்லையா? முதலில் காது கொடுங்கள்

முன்னால் போகும் லாரி சேற்றை வாரி இறைக்கிறது. கை தானாக லிவரை இழுக்கிறது. தண்ணீர் வரவில்லை. வைப்பர் மட்டும் ஓடி, சேற்றைக் கண்ணாடி முழுக்க மெழுகிவிடுகிறது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடும். மூன்று நொடி பார்வை மறைந்தால், 66 மீட்டர் தூரம் எதிரில் என்ன இருக்கிறதென்று தெரியாமலே ஓட்டியிருப்பீர்கள்.

பிரேக்கில் சின்னச் சத்தம் கேட்டாலே மெக்கானிக்கிடம் ஓடுகிறோம். கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் வாஷர் வேலை செய்யாவிட்டால் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம். ஐப்பசித் தூறல் கண்ணாடிப் புழுதியில் விழுந்து குழம்பாகும்போதும், மழை விட்ட மாலையில் ஈசல் மொய்த்து அப்பும்போதும், சென்னையிலிருந்து பெங்களூரு பக்கம் எதிர்வெயிலில் ஓட்டும்போதும்தான் அதன் அருமை தெரிகிறது. தண்ணீரில்லாமல் வைப்பரை ஓட்டினால் மணல் கண்ணாடியைக் கீறும். அந்தக் கீறல் இரவில் எதிர்விளக்கு வெளிச்சத்தைச் சிதறடித்துக் கண்ணைக் கூச வைக்கும். பாலிஷ் போட்டாலும் முழுதாகப் போகாது.

பழுது எங்கே என்று கண்டுபிடிக்கப் பெரும்பாலும் காதே போதும். அமைதியான இடத்தில் காரை நிறுத்தி, இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் 'ஆன்' நிலைக்குத் திருப்புங்கள். வீட்டில் ஒருவரை லிவரை இழுக்கச் சொல்லிவிட்டு, வைப்பருக்கும் ரேடியேட்டர் ஃபேனுக்கும் எட்டி நின்று கேளுங்கள். 'உய்ங்' என்ற மெல்லிய சத்தம் வந்தால் மோட்டாருக்கு கரண்ட் வருகிறது. கோளாறு பெரும்பாலும் தண்ணீரிலோ டியூபிலோ நாசிலிலோதான். சத்தமே இல்லை என்றால் ப்யூஸ், ஒயர், மோட்டார், சுவிட்ச் இவற்றில் ஒன்று. இந்த ஒரு வேறுபாடு தெரிந்தாலே, "மோட்டார் போச்சு சார், மாத்தணும்" என்று யாராவது சொல்லும்போது தலையாட்டாமல் கேள்வி கேட்க முடியும்.

சத்தம் வருகிறதென்றால் முதலில் டேங்கைப் பாருங்கள். மூடியில் கண்ணாடியும் தண்ணீர்த் தெறிப்பும் படமாக இருக்கும். கூலன்ட் டேங்க்கை அதுவென்று நினைத்து விடக் கூடாது. சூடான இன்ஜினில் அந்த மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். டேங்கில் தண்ணீர் இருந்தால் சாவியை எடுத்துவிட்டு, போனட்டின் அடியில் ஓடும் மெல்லிய டியூபைத் தடவிக்கொண்டே போங்கள். போனட் கீலருகே மடங்கும் இடத்தில் அது கழன்றிருக்கலாம், எலி கடித்திருக்கலாம். பின், நாசிலுக்குப் போகும் டியூபைக் கழற்றிவிட்டு, சாவியை மறுபடி 'ஆன்' செய்து லிவரை இழுக்கச் சொல்லுங்கள். டியூபில் தண்ணீர் வந்தால் அடைப்பு நாசிலில்தான்: போர் தண்ணீரின் உப்பு, அல்லது காருக்குப் பூசிய பாலிஷ். மெல்லிய குண்டூசியால் துளையை மெதுவாகக் குத்தி, எதிர்ப்பக்கமாகத் தண்ணீர் விட்டுக் கழுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். உப்பு கெட்டிப்பட்டிருந்தால் நாசிலைக் கழற்றி வினிகரில் ஊற வைக்கலாம்.

ஹேட்ச்பேக் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல மாடல்களில் முன் கண்ணாடிக்கும் பின் கண்ணாடிக்கும் ஒரே மோட்டார்தான். சுழலும் திசை மாறினால் தண்ணீர் போகும் பக்கம் மாறும். முன்னால் பீய்ச்சி, பின்னால் வராமல், கூரைத் துணியோ தரை மேட்டோ ஈரமாக இருந்தால், டியூப் உள்ளே எங்கோ கழன்றிருக்கிறது. மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள். அந்த வழியில் ஒயர்களும் போகின்றன. இதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

சத்தமே இல்லாதபோது ப்யூஸைப் பாருங்கள். எது என்று காரோடு தந்த கையேட்டில் இருக்கும். போயிருந்தால் அதே ஆம்பியர் ப்யூஸைத்தான் போட வேண்டும். பெரிய ப்யூஸ் போடுவதும், சிகரெட் பாக்கெட் ஜிகினாத்தாளைச் சுற்றிச் செருகுவதும் காருக்குத் தீ வைப்பதற்குச் சமம். புது ப்யூஸும் உடனே போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. அதற்குமேல் கை வைக்காதீர்கள். ப்யூஸ் நன்றாக இருந்தால், மோட்டார் கனெக்டரில் டெஸ்ட் லேம்ப் வைத்து லிவரை இழுக்கும்போது எரிகிறதா என்று பார்க்க வேண்டும். எரிந்தும் மோட்டார் ஓடவில்லை என்றால் மோட்டாரை மாற்றத்தான் வேண்டும். சில கார்களில் அது பம்பருக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் பொருளின் விலையைவிடக் கூலி அதிகமாகலாம். இரண்டுக்கும் தனித்தனியாக எஸ்டிமேட் கேளுங்கள்.

ஊற்றும் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். துணி சோப்புத் தூள் வேண்டாம். நுரைத்துப் படலம் கட்டும், நாசிலை அடைக்கும். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வடிகட்டி ஊற்றலாம், அதில் உப்பு மிகக் குறைவு. ஆனால் வெறும் தண்ணீராக வாரக்கணக்கில் விடாதீர்கள். கடையில் விற்கும் வாஷர் திரவத்தை அளவோடு கலந்துகொள்ளுங்கள். பிரிட்டனில் 2010-ல் வெளியான ஆய்வு, திரவம் கலக்காத வாஷர் தண்ணீருக்கும் லெஜியோனேர்ஸ் என்ற கடும் நுரையீரல் தொற்றுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. வெதுவெதுப்பான தேங்கிய தண்ணீரில் அந்தக் கிருமி பெருகும். நம் வெயிலில் நின்ற காரின் டேங்க் அப்படித்தான் இருக்கும்.

அதே சமயம் அந்தத் திரவத்தை ஒருபோதும் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குளிர்நாடுகளுக்கென்று தயாராகும் சில வகைகளில் மெத்தனால் உண்டு. 2024-ல் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தில் கலந்து அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற அதே நஞ்சு. பிழைப்பவரின் கண்ணையும் பறிக்கக்கூடியது. குழந்தை குடித்துவிட்டால் வாந்தியெடுக்க வைக்காமல், பாட்டிலோடு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி உரிமை. வாரண்டி காலத்தில் வாஷர் மோட்டார் தானாகப் பழுதானால் பொதுவாக இலவசமாக மாற்றித் தர வேண்டும். வைப்பர் ரப்பரும் திரவமும்தான் தேய்மானப் பொருள் என்று விலக்கப்படும். "வெளியே கை வைத்தீர்கள், வாரண்டி போச்சு" என்ற வார்த்தைக்கு அஞ்சிப் பலர் வாயடைத்துப் போகிறார்கள். உதிரிப் பாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் தடுத்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காக மட்டுமே வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. அபராதத்தை எதிர்த்து நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. வெளியே செய்த வேலையால்தான் சேதம் வந்தது என்றால் கதை வேறு. ப்யூஸ் மாற்றியதையும் நாசிலைச் சுத்தம் செய்ததையும் காட்டி மோட்டார் வாரண்டியை மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

வேலைக்கு விடும்போது ஜாப் கார்டில் "வாஷர் மோட்டார் மாற்ற" என்று எழுதவிடாமல், "வாஷரில் தண்ணீர் வரவில்லை, மோட்டார் சத்தம் கேட்கிறது" என்று நீங்கள் கண்டதை எழுதச் சொல்லுங்கள். மாற்றிய பழைய மோட்டாரைத் திரும்பக் கேளுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. கேட்டும் தீர்வில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் தொடுக்கலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணமும் கிடையாது. ஜாப் கார்டு, பில், சத்தம் கேட்கும்படி எடுத்த செல்போன் வீடியோ, பழைய மோட்டார் இந்த நான்கையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.