நடுக்கடலில் நிற்கும் இஞ்சின்: பம்பைப் பிடித்துப் பார்க்க ஆள் வேண்டும்

கரையில் முதல் இழுப்பிலேயே ஓடுகிறது. துறையை விட்டு வெளியேறும் வரை சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. முழு வேகம் கொடுத்துக் கால் மணி நேரம் போனதும் இழுவை குறைகிறது, இஞ்சின் இருமுகிறது, அடங்கிவிடுகிறது. ஐந்து நிமிடம் விட்டு மறுபடி இழுத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. பினாங்குத் தீவைச் சுற்றி ஃபைபர் படகு வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இப்படி ஓர் அனுபவம் சொல்வார்கள். நாலு பேர் காசு போட்டுப் பழைய 40 குதிரைசக்தி இஞ்சின் ஒன்றை வாங்கி, கெர்தாக் சங்குலிலிருந்து கெண்டித் தீவுப் பக்கம் தூண்டில் போடப் போகும் நம் பையன்களும் அதிகம் அல்லாடுவது இந்த வியாதியோடுதான்.

அடியோடு செத்துப்போன இஞ்சினில் ஃபோர்மனுக்குச் சிரமம் குறைவு. பிரித்தால் காரணம் தெரிந்துவிடும். விட்டு விட்டு நிற்கும் இஞ்சின் அப்படிச் சிக்காது. பட்டறையில் தண்ணீர் டிரம்மில் இறக்கி ஓட்டினால் அழகாக ஓடும், ஏனென்றால் அங்கே பாரம் இல்லை. நாலு ஆளும் ஐஸ் பெட்டியும் ஏற்றிக்கொண்டு எதிரலையில் முழு வேகத்தில் போகும்போது 40 குதிரைசக்தி டூ ஸ்ட்ரோக் இஞ்சின் மணிக்கு 15 லிட்டருக்குக் குறையாமல் எண்ணெய் குடிக்கும். சும்மா ஓடும்போது அதில் சிறு பங்கு போதும். எண்ணெய் வரும் வழியில் பாதி அடைப்பு இருந்தால் டிரம்மில் தெரியவே தெரியாது. அதனால் பிளக்கை மாற்றுகிறார்கள். காபரேட்டரைக் கழற்றிக் கழுவுகிறார்கள். அடுத்த வாரம் காயிலை மாற்றச் சொல்கிறார்கள். காசு போகிறது, வியாதி அப்படியே இருக்கிறது.

காயில் சூடேறி அறுந்து நிற்கும் இஞ்சின்களும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் நெருப்பு அறுந்தால் பட்டென்று நிற்கும். எண்ணெய் வராமல் சாகும் இஞ்சின் இழுத்து இழுத்துத்தான் சாகும். வேகம் தளரும், சில சமயம் ஒரு கணம் விருட்டென்று ஏறும், பிறகு இறங்கி அடங்கும். காதைத் தீட்டிக் கேட்டால் வித்தியாசம் தெரியும். அந்தத் தளர்ச்சி கேட்டால் பிளக்கைத் தொடுவதற்கு முன் எண்ணெய் வழியைப் பார்க்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தெலுக் பஹாங் துறையில், பந்தாய் கெராச்சுட்டுக்குச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் போகும் படகு ஒன்றில் இதைக் கிட்டத்திலிருந்து பார்த்தேன். ஏற்கெனவே பிளக், காயில் எல்லாம் புதிதாகப் போட்டிருந்த இஞ்சின் அது. படகோட்டி பின்னால் கைப்பிடியைப் பிடித்திருந்தார். அவருடைய மச்சான் மகன் எண்ணெய் டேங்கிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். மூக்கா ஹெட் முனை நெருங்கும்போது சத்தம் மாறியது.

“டேய், பம்பைப் பிடிச்சுப் பாருடா!”

“சப்பிக் கெடக்கு மாமா!”

ஹோஸின் நடுவே இருக்கும் முட்டை வடிவ ரப்பர் பம்ப், இரு பக்கமும் உள்வாங்கித் தட்டையாகக் கிடந்தது. பையன் டேங்கி மூடியை அரைச் சுற்றுத் திருகினான். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டது. பம்ப் உப்பி உருவம் பெற, அடங்கப் போன இஞ்சின் எழுந்துகொண்டது. மூடியின் மேலிருக்கும் குட்டிக் காற்றுத் திருகில் உப்பு இறுகியிருந்தது. எண்ணெய் போகப் போக அதன் இடத்துக்குக் காற்று வராததால் டேங்கிக்குள் வெற்றிடம் பிடித்து, ஒரு கட்டத்தில் எண்ணெயே ஏறவில்லை. நின்றபின் ஐந்து நிமிடத்தில் கொஞ்சம் காற்று கசிந்து உள்ளே போனதும் மறுபடி ஓடியது. சுடுதண்ணீரும் ஒரு கம்பியும் போதுமாக இருந்த வேலை.

அந்தப் பம்ப் சொல்வதைக் கேட்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இஞ்சின் சாகும் அந்த நேரத்தில் பம்ப் சப்பிக் கிடந்தால் கோளாறு பம்புக்கு முன்னால், அதாவது டேங்கிப் பக்கம். காற்றுத் திருகு, டேங்கிக்குள் இருக்கும் உறிஞ்சுகுழாயின் வலை, அல்லது ஹோஸின் உட்புறத் தோல். இந்த உட்தோல் பொல்லாதது. வெளியே புது ஹோஸ் போலவே இருக்கும், உள்ளே தோல் உரிந்து, வேகமாக உறிஞ்சும்போது மட்டும் வழியை மூடிக்கொள்ளும். பம்ப் தொளதொளவென்று இருந்து, கையால் விடாமல் அமுக்கினால் இஞ்சின் பிழைக்கிறது என்றால், எங்கோ இணைப்பில் காற்று நுழைகிறது, அல்லது இஞ்சினிலுள்ள எண்ணெய்ப் பம்பின் மெல்லிய சவ்வு ஓய்ந்துவிட்டது. பம்ப் கல்லு மாதிரி இருந்தும் இஞ்சின் சாகிறதா, அப்போது காபரேட்டரையும் நெருப்பையும் சந்தேகிக்கலாம். இவ்வளவுக்கும் மேல் சந்தேகம் இருந்தால் பக்கத்துப் படகின் டேங்கியையும் ஹோஸையும் இரவல் வாங்கி மாட்டி, அதே தூரம், அதே வேகம் ஓட்டிப் பார்க்கலாம். நின்றால் இஞ்சின், நிற்காவிட்டால் டேங்கி அல்லது ஹோஸ்.

தண்ணீரைச் சொல்லாமல் விட முடியாது. பாதி நிரம்பிய டேங்கியைப் பினாங்கு வெயிலிலும் இரவு ஈரத்திலும் வாரக்கணக்கில் படகிலேயே விட்டால் உள்ளே ஈரம் வேர்த்துச் சொட்டும். பெட்ரோலை விடத் தண்ணீர் கனம் என்பதால் அடியில் தங்கும். அமைதியான கடலில் ஒன்றும் தெரியாது, அலையில் டேங்கி குலுங்கும்போது ஒரு மடக்கு உள்ளே போகும், இஞ்சின் தடுமாறும். டேங்கி அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்து இரவு முழுக்க அசையாமல் வைத்தால், காலையில் அடியில் கோடு பிரிந்து தெரியும். இந்தியாவில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு அங்குள்ள படகுக்காரர்களுக்கு இந்தக் கவலை இன்னும் கூடும், ஏனென்றால் எத்தனால் ஈரத்தைத் தானே இழுக்கும். நம் பக்கம் 2019 முதல் வாகன டீசலில் 10 சதவீதம் பாமாயில் வழி வந்த பயோடீசல். அதுவும் ஈரம் பிடிக்கும், பழைய டேங்கியின் அழுக்கைக் கிளப்பி ஃபில்டரில் கொண்டுபோய் அடைக்கும். டீசல் இஞ்சின் வைத்திருப்பவர்கள் ஃபில்டரை அடிக்கடி கழற்றிப் பார்ப்பது நல்லது.

இஞ்சின் சூடேறியும் நிற்கலாம். குளிர்நீர் போகிறதா என்று பின்னால் பீய்ச்சும் சிறு தாரையைப் பார்த்தால் போதும். பெருமழைக்குப் பிறகு ஆற்று வாய்களில் மிதக்கும் பிளாஸ்டிக் பை ஒன்று உறிஞ்சுவாயில் ஒட்டினாலே தாரை நின்றுவிடும்.

இனி என்னை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன பம்ப் சோதனை கடலில், பாரத்தோடு, இஞ்சின் சாகும் அந்தச் சில விநாடிகளில் செய்ய வேண்டியது. ஒருவர் கைப்பிடியை விட முடியாது, இன்னொருவர் பம்பைப் பிடிக்க வேண்டும். முன்பு அப்பாவும் மகனும், மாமனும் மருமகனும் சேர்ந்து போன சின்னப் படகுகளில் இன்று தனி ஆளாகப் போகிறவர்களைத் துறைக்குத் துறை பார்க்கிறேன். பிள்ளைகள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். அதைத் தவறென்று யார் சொல்ல முடியும்? ஆனால் இஞ்சின் நிற்கும்போது தனி ஆள் என்ன செய்வார்? கைப்பிடியை விட்டுவிட்டு டேங்கி பக்கம் தாவுவார். தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே நீரோட்டம் வலுவாக வடக்கும் தெற்குமாக ஓடும். நின்ற படகு 1985இல் திறந்த பாலத்தின் தூண்களை நோக்கிப் போகலாம், கப்பல் வழியில் போய் நிற்கலாம். தென்மேற்குப் பருவத்தில் விடியற்காலையில் சுமத்ராப் பக்கமிருந்து வரும் காற்றுமழை அதிகம் முன்னறிவிப்புத் தராது.

இதை விட மோசமானது அந்தச் சிவப்புச் சுருள் கயிறு. ஒரு முனை இஞ்சின் சுவிட்சில், மறுமுனை ஓட்டுபவர் கையில் அல்லது இடுப்பில். அவர் விழுந்தால் கயிறு கழன்று இஞ்சின் நிற்க வேண்டும். இந்தச் சுவிட்சும் உப்பில் அரிக்கும். அரித்தால் இஞ்சினின் நெருப்பு அதன் வழியே மண்ணுக்குப் போய், எந்தக் காரணமும் இல்லாமல் இஞ்சின் பட்டென்று நிற்கும். சிறிய இஞ்சின்களில் சுவிட்சின் ஒயரைப் பிரித்துவிட்டு ஓட்டிப் பார்ப்பது சரியான சோதனைதான், இரண்டாவது ஆள் பக்கத்தில் இருந்தால். அப்போது ஒழுங்காக ஓடினால் கோளாறு சுவிட்சில் என்று தெரிந்துவிடும், புது சுவிட்ச் போட வேண்டும். நடப்பது அதுவல்ல. “ஓடுது இல்லண்ணே, அப்படியே விடுங்க” என்று பிரித்த ஒயரைப் பிரித்தபடியே டேப் சுற்றிவிட்டுப் போகிறார்கள். கயிறும் பேருக்குத் தொங்குகிறது.

2013 மே மாதம் இங்கிலாந்தின் கார்ன்வால் கடலோரத்தில் ஒரு குடும்பத்தின் ஆறு பேரும் வேகப் படகிலிருந்து தூக்கி எறியப்பட்டார்கள். கயிறு யார் உடம்பிலும் மாட்டியிருக்கவில்லை. ஆளில்லாத படகு வட்டமடித்துத் திரும்பி அவர்கள் மேலேயே ஏறியது. தகப்பனும் எட்டு வயது மகளும் இறந்தார்கள். அமெரிக்காவில் 2021 ஏப்ரல் முதல் 26 அடிக்குக் குறைவான படகுகளை ஓட்டுபவர், இந்தக் கயிற்று அமைப்பு படகில் இருந்தால் அதை மாட்டியே ஓட்ட வேண்டும் என்று சட்டம்.

கயிறு தொல்லை, வலை இழுக்கும்போது சிக்கிக்கொள்ளும் என்று துறையில் சொல்வார்கள். சொல்லட்டும். தனியாகப் போகிறவர் வலை இழுக்கக் குனியும் நேரத்தில்தான் விழுகிறார். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தால், அவர் எவ்வளவு நல்ல நீச்சல்காரராக இருந்தாலும் படகைப் பிடிக்க முடியாது. பட்டறைக்காரர்கள் ஒன்று செய்யலாம். நிற்கும் இஞ்சினைக் கொண்டுவந்தால் முதலில் ரப்பர் பம்பைப் பற்றிக் கேளுங்கள், கூட யார் போனார்கள் என்றும் கேளுங்கள். சுவிட்ச் ஒயரைச் சோதனைக்குப் பிரித்தால், புது சுவிட்ச் போட்டு, கயிற்றைப் பிடுங்கி இஞ்சின் நிற்கிறதா என்று படகுக்காரர் கண் முன்னாலேயே பார்த்த பிறகே இஞ்சினைக் கையில் கொடுங்கள்.