கூடை சுமக்கும் நெஞ்சு

ஏற்றத்தில் மூச்சு வாங்குவதை இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் யாரும் லேசில் நோயென்று எடுப்பதில்லை. “ரத்தம் பத்தாது” என்று இரும்புச்சத்து மாத்திரையோடு வருஷங்கள் போய்விடும். ஆனால் சிறுவயதில் தொண்டைப் புண்ணாக வந்த கிருமி ருமாட்டிக் காய்ச்சலாகி, இதயத்தின் மைட்ரல் வால்வின் இதழ்களைத் தடிக்க வைத்து ஒட்டிவிட்டிருக்கக்கூடும். ஒரே காம்பராவில் ஐந்தாறு பேர் படுக்கும் தொழிலாளர் லயம் அந்தக் கிருமி பரவத் தோதான இடம். கர்ப்ப காலத்தில் உடம்பில் இரத்தம் ஏறக்குறைய பாதி கூடும்போதுதான் பலருக்குச் சுருங்கிய வால்வு தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

நெஞ்செலும்பை நெடுக அறுத்துச் செய்யும் வழமையான சத்திரசிகிச்சையில், கம்பியால் கட்டிய எலும்பு ஒன்றுசேர ஆறு முதல் எட்டு வாரமாகும். பாரம் தூக்க ஏறத்தாழ மூன்று மாதம். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம்தான். ஆனால் கொழுந்து பறிக்க மலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது, கூலியும் இல்லை. தலையில் கயிறு மாட்டி முதுகில் கொழுந்து சுமப்பவருக்குக் காயத்தின் அளவு அடுப்பெரிவதோடு சம்பந்தப்பட்டது. வலப்பக்க விலாக்களுக்கு நடுவே சில அங்குலம் மட்டும் வெட்டும் முறையில் நெஞ்செலும்பு அறுபடாது. ஜப்பானிய மருத்துவர் கான்ஜி இனோவே 1982இல் தொடங்கிய பலூன் முறையில் அந்த வெட்டும் இல்லை. தொடை இடுக்கு நாளத்தில் நுழையும் மெல்லிய குழாய், இதயத்தின் மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரைத் துளைத்து வால்வை அடையும். அங்கே பலூன் உடுக்கை போல இடை சிறுத்து உப்பி, ஒட்டிய இதழ்களைப் பிரிக்கும். இரண்டொரு நாளில் வீடு திரும்பலாம்.

சிறு வெட்டால் பெரிய நன்மையில்லை என்பாருண்டு. பிரிட்டனில் வால்வுக் கசிவுள்ள 330 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், பன்னிரண்டாம் வாரத்தில் இரு முறையினரின் உடல் இயக்கமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ஆறாம் வாரத்தில் சிறு வெட்டுக்காரர் முந்தியிருந்தார்கள். நாட்கூலிக்காரருக்கு அந்த ஆறு வாரமே பெரிது. சிறு வெட்டுக்குத் தேர்ந்த கை வேண்டும், இதய-நுரையீரல் இயந்திரத்தில் நேரம் கூடும் என்பதும் உண்மை. எல்லாருக்கும் இது பொருந்தாது. பலூனுக்கும் எல்லை உண்டு: வால்வில் சுண்ணாம்பு படிந்து இறுகினாலோ, இடது மேலறையில் இரத்தக்கட்டி இருந்தாலோ, கசிவு அதிகமானாலோ உதவாது. அதனால்தான் நேரத்தோடு கண்டுபிடிப்பதை வற்புறுத்துகிறேன். 2017இல் 150 கட்டில்களோடு திறக்கப்பட்ட டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரி போன்ற இடங்களில், மூச்சு வாங்கும் ஒவ்வொரு கர்ப்பிணியின் நெஞ்சிலும் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பொறுமையாகக் கேட்டு, சந்தேகமிருந்தால் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்க வேண்டும். பலூன் வைத்த பிறகும் மூன்று நான்கு வாரத்துக்கொரு பென்சிலின் ஊசி பல வருஷம் தொடர வேண்டும். ஊசி போடக் கிளினிக் போகிற நாளுக்கும் தோட்டம் முழுப் பேர் போட வேண்டும்.